பதினேழாம் ஸ்லைடு

நாற்பது கைபேசிகளும் ஒரே நேரத்தில் 'தவறு' என்று சிவந்தன.

வகுப்பின் பெரிய திரையில் பதினேழாம் ஸ்லைடு: யாரோ ஒரு நோயாளியின் திசுத் துணுக்கு. புற்று தெரிகிற இடத்தை மாணவர்கள் தங்கள் கைபேசியில் விரலால் தொட வேண்டும். தொட்ட இடத்தில் திரையில் ஒரு புள்ளி விழும். ஒன்றும் இல்லையென்றால் 'புற்று இல்லை' பொத்தான். நான் கொண்டுவந்த ஏற்பாடுதான். மைக்ராஸ்கோப் வரிசையில் நின்றுகொண்டே தூங்கும் பிள்ளைகள் இனி உட்கார்ந்தாவது தூங்கட்டும் என்ற நல்லெண்ணம்.

ஒருவர்கூடப் பொத்தானை அழுத்தவில்லை. புள்ளிகள் ஒரே மூலையில் அம்மை போட்டதுபோல் மொய்த்திருந்தன. ஆப் மட்டும் 'புற்று இல்லை'யே சரி என்று அடம்பிடித்தது.

"சார், ஆப்புக்குப் பார்வை சரியில்ல. இது கேன்சரேதான்," என்றாள் முன்வரிசைக்காரி.

"விடை எழுதின புண்ணியவான் யாரு சார்?" பின்பெஞ்சு கேட்டது.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். புண்ணியவான் நான்தான். பழைய ஸ்லைடுகளை ஸ்கேன் செய்த டெக்னீஷியன் நோயாளிகளின் பெயரை நீக்கிவிட்டு, என் அறிக்கைகளையே விடையாக ஏற்றியிருந்தார். ஓரத்தில் எண் மட்டும் இருந்தது. படித்தேன். எனக்கு மனப்பாடமான ஒரே ஸ்லைடு எண் அது.

என் தங்கையின் மார்புக் கட்டி. நான் பார்த்துப் பதினோரு மாதம் ஆகிறது. சொந்தக்காரர் ஸ்லைடு வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது எங்கள் துறையில் எழுதாத சட்டம். நான் தள்ளவில்லை. வெளியே பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் நல்ல சேதியை என் வாயால் சொல்ல ஆசை. லென்ஸுக்குக் கண்ணைக் கொடுத்தபோதே விடையும் தயாராக இருந்தது. அந்த மூலைக்குப் போனேனா என்றே நினைவில்லை. "ஒண்ணும் இல்லம்மா, வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு" என்றது நன்றாக நினைவிருக்கிறது.

இருபது வருட அனுபவம். இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குப் பத்து வினாடி போதுமாயிருந்தது.

"எல்லாருக்கும் முழு மார்க்," என்றேன். கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தோடேயே வராந்தாவுக்கு வந்து தங்கையைப் போனில் அழைத்தேன்.

"என்னண்ணா, கிளாஸ் நேரத்துல? பசங்க தொரத்தி விட்டுட்டாங்களா?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றியா? அந்தக் கட்டிய இன்னொரு தடவ பாத்துடலாம்."

எதிர்முனையில் ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

"நீதானண்ணா பாத்த?"

"ஆமா. நான்தான் பாத்தேன்."

"இரு, எழுதிக்கிறேன். எத்தன மணிக்கு?" என்றாள். ஏதோ ஒரு இழுப்பறை திறந்தது, மூடியது. இன்னொன்று திறந்தது. பேனா எழுதவில்லை போலிருக்கிறது; காகிதத்தில் கிறுக்கிக் கிறுக்கிப் பார்க்கும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.