சீனி என்று சொன்ன வருத்தம்

"அவருக்குச் சாரம் மாத்தணும். ரமேஸ் மட்டும் நில்லு, மத்தவங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்று பாக்கியலெட்சுமி சொன்னாள். லயத்து வீட்டுக் காம்பராவில் நின்றவர்கள் நகர்ந்தார்கள். கதவைச் சாத்தியதும் அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள்.

மூத்திரப் பை அங்கேதான் கிடந்தது. விடியற்காலையில் புருஷன் அழகரின் மூச்சு நின்ற பிறகு, தோட்டத்து டிஸ்பென்சரி மிஸ்ஸி வந்து குழாயைக் கழற்றிக் கொடுத்துவிட்டு யாரிடமும் ஒன்றும் பேசாமல் போயிருந்தாள். பாக்கியலெட்சுமி அந்தப் பையைப் பழைய தேயிலைக் கொழுந்துச் சாக்கில் சுற்றி, அடுப்படி விறகுக்குப் பின்னால் செருகினாள்.

"யாரும் பாக்கலியே?" என்றான் ரமேஸ். எல்ல டவுனில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிற மகன். நேற்றுத்தான் வந்து சேர்ந்தான்.

"இல்ல."

"பொதைச்ச பொறகும் வாயத் தொறக்காதீங்கம்மா. அப்பாவுக்குக் கொடுத்த சத்தியம்."

அவள் தலையாட்டினாள். சத்தியத்தை அவளுக்கு யாரும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்ன வாரமே, அழகர் அவளை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கற்பூரம் அணைக்கச் சொன்னார். "லயத்துல தெரிஞ்சா, அழகருக்கு ஆம்பளத்தனம் போச்சுன்னு சிரிப்பானுங்க. நான் செத்தாலும் வெளிய போகக்கூடாது." அவள் உள்ளங்கையால் சுடரை அணைத்தாள். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: அவருக்குச் சீனி வருத்தம். ராத்திரியில் அடிக்கடி எழுந்து போகிற மனுஷனுக்கு அந்தப் பெயர் பொருந்தியும் இருந்தது.

வாழ்ந்த காலத்தில் அந்தப் பொய் அவர்களுக்கு உதவித்தான் செய்தது. கிளினிக் நாள் வந்தால் இரண்டு பேரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு பதுளை பஸ் ஏறுவார்கள். வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு வந்தால், பனி இறங்குகிற சாயங்காலத்தில் அழகர் சட்டையைக் கழற்றிவிட்டு வேர்த்து வழிய உட்கார்ந்திருப்பார். ஊசி அந்தச் சூட்டைக் கொண்டுவரும் என்று டொக்டர் முன்னமே சொல்லியிருந்தார். பாக்கியலெட்சுமி முந்தானையால் விசிறிக்கொண்டே சிரிப்பாள். "எனக்கு மாசத் தூரம் நின்னப்ப வந்த சூடு இப்ப ஒங்களுக்கு வந்திருக்கு. அப்ப கிறுக்கு புடிச்சிருக்கான்னு கேட்டீங்களே!" அவரும் சிரிப்பார். "தெரியாமப் பேசிட்டேன் புள்ள. விசிறு, விசிறு."

உடம்பைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்து, முன்திண்ணை இஸ்தோப்பில் கிடத்தினார்கள். மரண உதவிச் சங்கத்தார் வாசலில் கொட்டகை போட்டுக் கதிரைகளை வரிசையாக வைத்தார்கள். தப்புச் சத்தம் பக்கத்து மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பாக்கியலெட்சுமி புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் தம்பி மருதை வாசற்படியில் குந்தியிருந்தான். கொழுந்து லொறி ஓட்டுகிறவன். அவளுக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். ரமேஸின் மனைவி நிரஞ்சலா தேத்தண்ணி கொண்டு வந்து நீட்டினாள்.

"சீனி போட்டதா? வேணாம்மா. வெறும் சாயம் இருந்தாத் தா."

"ஏன் சித்தப்பா, விரதமா?" நிரஞ்சலா கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் இப்றாஹீம் நானா குடையை மடக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தார். ஹல்துமுல்லையில் சாமான் கடை வைத்திருக்கிறவர். அழகரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண்களைத் துடைத்துவிட்டு மருதைக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்தார்.

"மச்சானோட எப்பிடிங்க பழக்கம்?" என்று மருதை விசாரித்தான்.

நானா பாக்கியலெட்சுமியை ஒரு தடவை பார்த்தார். "பதுளையிலதான். சீனி கிளினிக்ல."

அந்தப் பொய் நானா தனக்காகவும் அழகருக்காகவும் சொன்னது என்று பாக்கியலெட்சுமிக்குத் தெரியும். இரண்டு ஆண்களும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஒரே வருத்தத்துக்கு, ஒரே ஊசிக்குக் காத்திருந்தவர்கள். நானா வீட்டு வட்டிலப்பமும் இவள் வீட்டுப் புளிச்சோறும் அந்த வாங்கில் எத்தனையோ தடவை கை மாறியிருந்தன.

"அப்ப நானும் ஒங்க கட்சிதான் நானா" என்றான் மருதை. "எனக்கும் சீனிதான். மச்சானுக்கு வந்த மாதிரியேதான். ராத்திரியில ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. பனியில போய் நிக்கணும். நின்னாலும் லேசுல வர மாட்டேங்குது. அதான் சீனிய நிப்பாட்டிட்டு, காலையில பாவக்காச் சாறு குடிக்கிறேன்."

"ரத்தம் சோதிச்சுப் பாத்தீங்களா?"

"எதுக்குங்க? ஒரு வருத்தத்துக்கு ஒரு டொக்டர் போதாதா? மச்சானுக்குச் சொன்னதுதானே எனக்கும்." மருதை சிரித்தான். செத்த வீட்டில் சிரித்துவிட்டோமே என்று வாயைத் துடைத்துக்கொண்டான்.

இப்றாஹீம் நானா சிரிக்கவில்லை. குடைக் கைப்பிடியைத் தடவியபடி தரையைப் பார்த்தார். பாக்கியலெட்சுமி தம்பியையே பார்த்தாள். தம்பி சொன்ன ஒவ்வொன்றையும் அழகர் அவளிடம் முன்பே சொல்லியிருக்கிறார். பனியில் போய் நிற்பது. லேசில் வராதது. ஒரு குடும்பத்தின் மானத்துக்கு என்று அவள் சொன்ன பொய்யை, இவன் மருந்தாக வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறான்.

பிறகு தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தாள். தனியாகச் சொன்னால் அவன் ஆகட்டும் என்பான், போகமாட்டான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதே புருஷனும் ஒரு வருஷம் ஆகட்டும், ஆகட்டும் என்று சொல்லித்தான் தள்ளிப்போட்டார்.

"பொறந்த வீட்டுக் கோடி வரட்டும்! பெட்டி மூட நேரமாச்சு" என்று சங்கத்துத் தலைவர் குரல் கொடுத்தார்.

அக்காவுக்குத் தம்பி கோடி போடாமல் பெட்டியைத் தூக்க முடியாது. மருதை புதுச்சேலையைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்து வந்தான். பெண்கள் ஒப்பாரியை உயர்த்தினார்கள். அவன் சேலையைப் பிரித்து அக்காவின் தலையில் போர்த்தக் குனிந்தபோது, அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பொறு தம்பி. ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டுப் போடு."

"அம்மா!" என்றான் ரமேஸ்.

அவள் மகனைப் பார்க்கவில்லை. "ஒன் மச்சானுக்குச் சீனி இல்லடா. கேன்சர்."

ஒப்பாரி நின்றது. வாசலில் தப்பும் நின்றது.

"ஆம்பளைங்க ஒடம்புல, மூத்திரப் பைக்குக் கீழ, பாக்கு மாதிரி ஒண்ணு இருக்காம். அதுல வந்தது. நீ இப்ப சொன்னியே, அப்பிடித்தான் அவருக்கும் ஆரம்பிச்சது. ஒனக்கும் அதுவாத்தான் இருக்கணும்னு இல்ல. வேற ஏதாச்சும் சின்னதா இருக்கலாம். பாத்தாத்தானே தெரியும்?"

மருதையின் முகம் கறுத்தது. "எல்லார் முன்னாலயும் ஏன்க்கா இதெல்லாம்? விடு கைய."

"விட மாட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு மச்சான் முன்னால சொல்லு. சொன்னாத்தான் கோடிய வாங்குவேன்."

"கற்பூரம் அணைச்சீங்களேம்மா" என்றான் ரமேஸ். அவன் குரல் உடைந்திருந்தது.

"அணைச்சேன். மாரியம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். அவளும் பொம்பளதான், அவளுக்குத் தெரியும். ஒங்கப்பாகிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன்."

ஒரு கிழவர் இருமினார். கொட்டகையில் கதிரை ஒன்று நகர்ந்தது. இப்றாஹீம் நானா எழுந்து வந்தார்.

"நான் சீனி கிளினிக்னு சொன்னது பொய், மருதை தம்பி. அல்லாஹ் மன்னிக்கணும். எனக்கும் அந்த வருத்தம்தான் ஈக்குது. வெள்ளனப் போய்ப் பாத்ததால ஊசியிலயே ஓடுது. கடையும் தொறக்கிறேன், பேரப் புள்ளையோட சண்டையும் புடிக்கிறேன். பயந்து நடுங்கிட்டு அந்த வாங்குல மொத நாள் ஒக்காந்தப்ப, எனக்குப் பக்கத்துல நகர்ந்து எடம் குடுத்தது இவர்தான்." அவர் பெட்டியைக் காட்டினார். "வார கிழமை கிளினிக் நாள்ல பதுளைக்குப் போறேன். ஒங்களுக்கு நான் எடம் புடிச்சு வைக்கிறேன்."

மருதை மச்சானின் முகத்தைப் பார்த்தான்.

"போறேன்" என்றான். "போறேன்க்கா. விடு."

அவள் கையை விட்டாள். புதுச்சேலை அவள் தலையில் விழுந்தது. தம்பியின் கை அவள் உச்சியில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. வாசலில் தப்பு மறுபடி தொடங்கியது.

அடக்கம் முடித்துவிட்டு ஆண்கள் கால் கழுவி வந்தபோது தூறல் விட்டிருந்தது. ரமேஸ் ஒரு கதிரையை எடுத்து அம்மாவுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான். இப்றாஹீம் நானா விடைபெற்றுக்கொண்டு பஸ் ஏறச் சந்திக்கு இறங்கினார்.

பாக்கியலெட்சுமி இஸ்தோப்பிலிருந்து பார்த்தாள். மருதை அவரோடு போனான், அது முறைதான். அவனுக்குப் பின்னால் மேல் லயத்துக் கணக்கப்பிள்ளை போனார். தப்படித்தவர்களில் ஒருவர், தப்பைத் தோளில் மாட்டியபடியே போனார். இருமிய கிழவர் ஊன்றுகோலோடு மெதுவாக இறங்கினார். ஒருத்தரை பஸ் ஏற்றிவிட அத்தனை பேர் தேவையில்லை.

கீழே, சந்தி மரத்தடியில், அவர்கள் நானாவைச் சுற்றி நின்றார்கள். எல்லாத் தலைகளும் அவர் பக்கம் குனிந்திருந்தன. பேச்சு மேலே வரை கேட்கவில்லை. வளைவில் பஸ் திரும்பி வந்து, ஹோர்ன் அடித்து, கொஞ்ச நேரம் நின்றது. நானா கையை அசைத்தார். பஸ் அவரை ஏற்றாமலே கிளம்பிப் போனது.