அமத்து

முயலுக்குக் குறி வைக்கிறவனுக்கு முயலைத் தவிர வேறெதுவும் தெரியாது. துப்பாக்கிக்கு மேலே பொருத்திய தொலைநோக்கி உலகத்தையே ஒரு சாசர் அளவுக்குச் சுருக்கிக் கொடுத்துவிடும். சாசருக்குள் முயலின் மீசைகூடத் தெரியும். சாசருக்கு வெளியே கட்டின பெண்டாட்டி வந்து நின்றாலும் தெரியாது. வரதராஜாவுக்குத் தெரியவில்லை.

1976 ஜூலை. மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ரோவில் அப்போது வெறும் முட்டைக்கோசுத் தோட்டமும் குதிரை மேயும் புல்வெளியும்தான். வரதராஜா யாழ்ப்பாணத்துக்காரர். பகலில் டாண்டினோங்கில் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டுவார். தோட்டக்காரன் லெஸ் தன் பழைய வீட்டில் அவரையும் மனைவி யோகராணியையும் இருக்கவிட்டதற்கு ஒரே நிபந்தனை, கோசைத் தின்னும் முயல்களை ஒழிக்க வேண்டும். ஒழிக்கிறதாம். ஆஸ்திரேலியாவே கூடி நூறு வருஷமாக ஒழித்துக்கொண்டிருக்கிறது, முயல் பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கிறது.

அதற்கு லெஸ் கொடுத்தது ஒரு கைத்துப்பாக்கி. முழங்கை நீளக் குழல், ஒரு தடவைக்கு ஒரே குண்டு, மேலே தொலைநோக்கி. வண்டி ஜன்னலுக்குள் நீளத் துப்பாக்கியை வைத்துத் திருப்ப முடியாது, இது கைக்கு அடக்கம் என்றான். கைத்துப்பாக்கியை, துப்பாக்கிப் பயிற்சிக் கழகத்தைத் தாண்டி வெளியே கொண்டுவரக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். ஒரு கண்ணைச் சிமிட்டினான், சட்டம் அதோடு முடிந்துபோனது.

கூட்டாளி தாணுமாலயன். நாகர்கோவில் பக்கத்து ஆள், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், தனிக்கட்டை. பள்ளி விட்டதும் நேரே ரோவிலுக்கு வந்துவிடுவார். முயல் வேட்டை என்பது சாக்கு. யோகராணியின் சோறும் அவள் வாய் நிறைய அழைக்கும் 'அண்ணை'யும்தான் அவரை இழுத்தன. இந்த ஊரில் அவரை உறவு சொல்லி அழைக்க வேறு ஆள் கிடையாது.

வேட்டையில் ஆளுக்கொரு வேலை. லெஸ்ஸின் பின்பக்கம் திறந்த யூட் வண்டியில் வரதராஜா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் விளிம்பில் மணல் பையைப் போட்டு, அதன் மேல் துப்பாக்கியை இரண்டு கையாலும் பிடித்திருப்பார். தாணு பின்னால் நின்றுகொண்டு கூரை மேலிருக்கும் பெரிய விளக்கைத் திருப்புவார். விளக்குக்கான சுவிட்ச் உள்ளே, வரதராஜாவின் கைக்கெட்டும் இடத்தில். தெரியாத எதையாவது கண்டால் முதலில் விளக்கு அணைய வேண்டும், இருட்டில் யாரும் சுடக் கூடாது. இது லெஸ் சொல்லிக்கொடுத்த பாடம். அதற்கு இருவரும் பேசி வைத்திருந்த சொல் 'ஓஃப்', அதாவது ஆங்கிலத்தின் 'ஆஃப்'. நாய்க்கு ஒரு தடவை, லெஸ்ஸின் குதிரைக்கு ஒரு தடவை என்று தாணு 'ஓஃப்' சொல்லி, விளக்கும் ஒழுங்காக அணைந்திருக்கிறது.

அன்றைக்குத் தாணுவுக்குச் சளி. குளிர்காலம், பின்னேரம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். கோசு வரிசையின் முடிவில் ஒரு முயல் குந்தியிருந்தது. தாணு அதன் மேல் வெளிச்சத்தை நிறுத்தினார். முயலைத் தாண்டி வெளிச்சம் கம்பிவேலி வரை போயிற்று. அங்கே யோகராணி கம்பிகளுக்கு நடுவே குனிந்து வெளியே வந்து நிமிர்ந்தாள். தாணு அண்ணைக்கு இருமல் என்று கொத்தமல்லி அவித்த தண்ணீரை பிளாஸ்கில் எடுத்து வந்திருக்கிறாள். கண் கூசி ஒரு கையால் முகத்தை மறைத்தாள். முயலுக்கு நேர் பின்னால்.

தாணு அவளைக் கண்டார். பேசி வைத்த ஆங்கிலச் சொல் வரவே இல்லை. உயிர் பதறும்போது வாயில் வருவது பெற்றவள் பேசிய சொல்தான்.

"அமத்து, அமத்து" என்று கத்தினார்.

நாகர்கோவிலில் விளக்கை அமத்துவார்கள், அதாவது அணைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் வாசல் மணியை அமத்துவார்கள், அதாவது அழுத்துவார்கள். வரதராஜாவின் விரல் விசையின் மேல் இருந்தது. அவர் அமத்தினார்.

விளக்கையே வேறு பக்கம் திருப்பியிருக்கலாமே, சுடாதே என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாற்காலியில் சாய்ந்திருக்கும் நமக்கு எல்லாம் தோன்றும்.

முயல் ஓடிவிட்டது. யோகராணி களைத்துப்போனவள் மாதிரி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். விளக்கு அணையாமல் அவள் மேலேயே எரிந்துகொண்டிருந்தது. வரதராஜா தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுத்த பிறகுதான் அவளைப் பார்த்தார்.

குண்டு விலாவுக்குக் கீழே போயிருந்தது. வரதராஜாவின் கை சாவியைக்கூடப் பிடிக்கவில்லை, அதனால் தாணு ஓட்டினார். யோகராணி இருவருக்கும் நடுவே சரிந்து கிடந்தாள். வரதராஜா தன் கம்பளிச் சட்டையைச் சுருட்டிக் காயத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ஸ்டட் ரோட்டில் முன்னால் ஒரு பால் லாரி ஊர்ந்தது. எதிரே வண்டிகள் வந்தபடி இருந்ததால் அதைத் தாண்ட வழியில்லை. தாணு ஹாரனை விடாமல் அடித்தார். லாரிக்காரன் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஏதோ திட்டினான்.

"தாணு அண்ணை" என்றாள் யோகராணி. "என்னைக் கண்டனீங்கள்தானே?"

"கண்டேம்மா."

"கண்டுபோட்டு ஏன் அமத்தச் சொன்னனீங்கள்?"

தாணுவுக்கு முதலில் விளங்கவில்லை. "லைட்டத்தாம்மா சொன்னேன்" என்று திரும்பினார். அவள் கண்ணை மூடிவிட்டாள். கேட்டாளோ இல்லையோ.

"ஏன்வே சுட்டீரு?" என்று தாணு அழுதார். "நான் கத்துனேம்லா."

"நீர்தானே ஐசே அமத்தச் சொன்னனீர்."

"லைட்டவே. எங்க ஊர்ல அமத்துன்னா அணைக்கது."

வரதராஜா காயத்தின் மேலிருந்த சட்டையை இன்னும் இறுக்கி அழுத்தினார். "லைட்டையோ" என்றார் பிறகு, தனக்குத்தானே. லைட்டைத்தான் சொன்னார் என்றால், சுடச் சொல்லி யாருமே சொல்லவில்லை என்றாகிறது. இதைப் புரிந்துகொள்ள வரதராஜாவுக்கு முன்னால் போன லாரி வேறு தெருவுக்குத் திரும்பி விலகுகிற நேரமே போதுமானதாயிருந்தது.

தாணு வேண்டாத தெய்வம் இல்லை. அவள் பிழைக்கட்டும். பிழைத்து, தான் சொல்வதை ஒரே ஒரு தடவை காது கொடுத்துக் கேட்கட்டும். தன்னைக் கொல்லச் சொன்னவன் என்று நினைத்துக்கொண்டு அவள் போய்விட்டால், தான் மிச்ச காலம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு இருப்பது என்று பைத்தியம் மாதிரி முனகிக்கொண்டே ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் அவளை உருட்டிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. பிறகு போலீஸ்காரர் ஒருவர் வந்தார். சின்ன வயது, பொறுமைசாலி. இவர் என்ன சொன்னார் என்று வரதராஜாவைக் கேட்டார். அழுத்தச் சொன்னார் என்றார் வரதராஜா. நீ என்ன சொன்னாய் என்று தாணுவைக் கேட்டார். விளக்கை அணைக்கச் சொன்னேன் என்றார் தாணு. உங்களில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள் என்றார் போலீஸ்காரர்.

"இல்லை சார், இரண்டும் ஒரே சொல்" என்று தாணு ஆங்கிலத்தில் கெஞ்சினார். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான சாக்காகக் காதில் விழுகிறது என்று அவருக்கே தெரிந்தது. அணை என்பதற்கும் அழுத்து என்பதற்கும் ஒரே சொல் வைத்திருக்கும் பாஷையை எந்தப் போலீஸ்காரன் நம்புவான்? இந்தப் பாஷை தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார் என்று அவர் கேட்டார். உள்ளே கிடக்கிறவள்தான். சரி, அவள் கண் விழிக்கட்டும் என்றார்.

நடைபாதையில் தாணு வரதராஜாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அவ எந்திரிச்சதும் நீரு சொல்லும்வே. நான் சொன்னா நம்ப மாட்டா. புருசன் சொன்னா நம்புவா."

"ஓம்" என்று தலையாட்டினார் வரதராஜா.

யோகராணி பிழைத்தாள். மறுநாள் மத்தியானம் போலீஸ்காரர் கட்டில் அருகே உட்கார்ந்து, அந்த மனிதர் என்ன கத்தினார் என்று கேட்டார். அவள் கால்மாட்டில் நின்ற இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விளக்கை அணைக்கச் சொன்னார், இவருக்குத்தான் பிழையாக விளங்கிவிட்டது என்று திக்கித் திணறி ஆங்கிலத்தில் சொன்னாள். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார். துப்பாக்கி விஷயத்தை லெஸ்ஸிடம் பேச வேண்டும், பிறகு உங்களையும் கூப்பிடுவோம் என்று எழுந்து போனார்.

தாணுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "புரிஞ்சுக்கிட்டியாம்மா" என்று கிட்டே போனார்.

"கிட்ட வராதேங்கோ." குரலே இல்லை, ஆனால் சொல் தெளிவாக இருந்தது. "உங்களைப் பிடிச்சால் இவரையும் பிடிப்பாங்கள். அதுக்குத்தான் சொன்னனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு என்ரை காதாலை கேட்டனான்."

"எங்க ஊர்ல அப்படித்தாம்மா சொல்லுவோம். சத்தியமா."

"ரெண்டு வருசமா எங்கடை வீட்டிலை சாப்பிடுறீங்கள். ஒருநாளும் அப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓஃப் எண்டுதானே சொல்லுவீங்கள். அண்டைக்கு மட்டும் ஏன் வேறை சொல்லு?"

தாணு வாயைத் திறந்தார். பதில் இருந்தது. எங்கள் பேச்சு உங்களுக்குப் புரியாதோ என்று கூச்சப்பட்டு, இத்தனை நாளும் தன் ஊர்ச் சொற்களை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தவர் அவர். அதை எப்படிச் சொல்வது? சொன்னால் இன்னொரு கட்டுக்கதை. "வரதன், நீரு சொல்லும்வே" என்றார்.

யோகராணியும் புருஷன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன விளங்கினது?"

வரதராஜா ஜன்னலைப் பார்த்தார். வெளியே வண்டிகள் நிறுத்துமிடத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. தன் கைதான், தன் விரல்தான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால், இவள் இனி ஒவ்வொரு ராத்திரியும் அந்த விரலுக்குப் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும்.

"எனக்கு அமத்தச் சொன்னதெண்டுதான் விளங்கினது" என்றார்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதனால்தான் தாணுவால் அவரைத் திட்டவும் முடியவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"வர்றேம்மா" என்றார், எப்போதும் விடைபெறுகிற மாதிரி.

"வராதேங்கோ" என்றாள் யோகராணி.