ஊமத்தங்குடி முத்திரையின் ஒன்பது வகைகள்

ஆத்மநாதன் புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பூசணிக்காய், குடம், கிளி மூன்றையும் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தபால் முத்திரைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். தபால்தலையை யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பது அவர் எண்ணம். அந்தத் தலையின் மேல் ஊர்ப்பெயரும் தேதியுமாக தபாலாபீஸ்காரர் ஓங்கிக் குத்துகிறாரே ஒரு கறுப்பு வட்டம், அதுதான் அவருக்கு உயிர். விக்டோரியா ராணி காலத்துப் புள்ளிகளால் கட்டம் போட்ட முத்திரையை இருட்டில் தடவிப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பியவரும் அவரே.

சென்னையில் இருந்த ஒரு முத்திரை அன்பர் சங்கம், புதுக்கோட்டைச் சீமையின் சின்னத் தபாலாபீஸ் முத்திரைகளை வகைபிரித்து ஒரு புத்தகம் போட நினைத்தது. அந்த வேலையை ஆத்மநாதனிடமும், இலுப்பூரில் இருந்த முத்துராமனிடமும் ஒப்படைத்தது. முத்துராமன் சர்வே இலாகாவில் இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார். இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. எல்லாம் கடிதத்தில்தான். இருவரும் ஒத்துக்கொண்டால்தான் அச்சேற்றுவோம் என்று சங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

இரண்டு வருஷத்தில் நாற்பத்தாறு ஊர்களுக்கு ஒத்துக்கொண்டார்கள். நாற்பத்தேழாவதாக வந்தது ஊமத்தங்குடி.

அந்த ஊர் முத்திரை ஒரு மாதம் இருந்த மாதிரி மறுமாதம் இல்லை. ஒரு நாள் ஓரத்தில் ஒரு பள்ளம். இன்னொரு நாள் ஊர்ப்பெயரின் இங்கிலீஷ் எழுத்தில் ஒன்று பாதி காணோம். பிறகு திடீரென்று மூன்று புள்ளிகள். அடுத்த வாரம் அந்தப் புள்ளிகள் வேறு இடத்தில். ஆத்மநாதன் லென்ஸை வைத்துப் பார்த்து, நான்கு வகை என்றார். முத்துராமன் மில்லிமீட்டர் அளவுகோலை வைத்துப் பார்த்து, ஏழு என்றார். அப்புறம் கடிதங்கள் சூடாகின.

ஆத்மநாதனுக்கு ஊமத்தங்குடி முத்திரை கிடைத்ததெல்லாம் மனைவி செவந்தியின் புண்ணியத்தில். அவளுடைய அக்காள் முனியாயி அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டவள். வாரம் தவறாமல் ஒரு கார்டு போடுவாள். கார்டு வந்ததும் ஆத்மநாதன் கத்தரிக்கோலோடு ஓடி, முத்திரை இருக்கும் மூலையைச் சதுரமாக வெட்டி எடுத்துக்கொள்வார். மிச்சம் செவந்திக்கு.

யுத்தம் நடந்த நாற்பத்து மூன்றாம் வருஷம் சித்திரை மாதத்தில் அப்படி வந்த ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு செவந்தி வந்து நின்றாள்.

"ஏங்க, இதைப் படிங்க."

ஆத்மநாதன் படித்தார். மூலை போன இடத்தில் முதல் இரண்டு வரியின் ஆரம்பம் இல்லை. அதற்குப் பிறகு, "நேற்று விடியக்காலம் போய்விட்டது. பிள்ளைகள் சோறு தின்னவில்லை. உன் அத்தான் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார்" என்று இருந்தது.

"யாருங்க போனது?"

"வெட்டுன துண்டுல இருக்கும்."

"அந்தத் துண்டு எங்க?"

"ஆல்பத்துல ஒட்டிட்டேனே. பிரிச்சா முத்திரை கிழிஞ்சிரும், செவந்தி. இங்கிலீஷ் எம் எழுத்து பாதி போனது அதுலதான் தெளிவா விழுந்திருக்கு."

"எங்க பெரியம்மா போயிருச்சான்னு நான் தவிச்சுக்கிட்டு இருக்கேன். ஒங்களுக்கு எம்மு போனதுதான் கவலையா?"

அவள் ஆல்பத்தைத் திறந்தாள். ஊமத்தங்குடிப் பக்கத்தில் மட்டும் எறும்பு சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தது. மற்ற நாற்பத்தாறு ஊர்ப் பக்கங்களில் ஒன்றுகூட இல்லை.

"கோந்துல சீனியப் போட்டு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, ஆல்பத்தை அவர் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்குச் சமையலில் உப்பு இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

நான்காம் நாள் காலையில் வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் குழந்தைசாமி. பட்டாளத்தான் மீசை, கையில் ஒரு நோட்டு. ஜப்பான்காரன் எந்தக் கரையில் வந்து இறங்குவானோ என்று சர்க்கார் பயந்துகொண்டிருந்த காலம் அது. கடிதங்களை எல்லாம் பிரித்துப் பார்த்துத்தான் விட்டார்கள். அப்படிப் பிரித்த ஒரு கடிதத்தின் நகல் அவரிடம் இருந்தது.

"இலுப்பூர் முத்துராமன் உங்களுக்கு எழுதுனது. வாசிக்கிறேன், கேட்டுக்கங்க வாத்தியாரே." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "'கிழக்கே புதிய உடைவு கண்டேன். எம் பாதி போய்விட்டது. ஜி சாய்ந்து நிற்கிறது, இன்னும் ஒரு மாதம் தாங்காது. மூன்று புள்ளிகள் தெற்கே நகர்ந்ததாகத் தாங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. இதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.' இதுக்கு என்ன அர்த்தம்?"

"அப்படியே எழுதியிருக்கறதுதாங்க அர்த்தம்."

"எம்முன்னா எது? மெட்ராஸா, மதுரையா?"

"எழுத்துங்க."

"எழுத்து எப்படிய்யா பாதி போகும்?"

"அதைத்தாங்க நாங்க ரெண்டு வருஷமா ஆராயிறோம்."

"ஜி சாய்ஞ்சு நிக்கிதாமே. ஜெர்மனியா?"

"குடியில வர்ற ஜிங்க."

குழந்தைசாமி நோட்டில் 'குடி' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். "அந்த மூணு புள்ளி தெற்க நகருதே, அது எத்தனை டன் கப்பல்?"

ஆத்மநாதன் ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினார். லென்ஸைக் கொடுத்தார். குழந்தைசாமி அரைமணி நேரம் பார்த்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் கறுப்பு வட்டமாகத் தெரிந்தது. ஒரு எறும்பு லென்ஸுக்கு அடியில் யானை மாதிரி வந்ததும் திடுக்கிட்டு லென்ஸைக் கீழே வைத்தார்.

"நான் எதையும் நேர்ல பாக்காம நம்ப மாட்டேன். நாளைக்கு ஊமத்தங்குடி போறோம். அந்த இலுப்பூர்க்காரரையும் வரச்சொல்லி ஆள் அனுப்புறேன். முத்திரையை வச்சு ருசு பண்ணுங்க. பண்ணலைன்னா ரெண்டு பேரும் உள்ள போகவேண்டியதுதான்."

உள்ளேயிருந்து செவந்தி வந்தாள். "ஐயா, நானும் வாரேன். இவுக வெட்டுன துண்டுல செத்தது யாருன்னு எனக்குத் தெரியணும்."

'செத்தது' என்ற சொல்லைக் கேட்டதும் குழந்தைசாமி மறுபடியும் நோட்டைத் திறந்தார். அதை விளக்கி முடிக்க இன்னும் அரைமணி ஆயிற்று.

மறுநாள் பஸ் நிற்கும் இடத்தில் ஒல்லியாக, நெட்டையாக, கக்கத்தில் அளவுகோலோடு ஒருவர் நின்றார். ஆத்மநாதன் பார்த்ததும் கண்டுகொண்டார்.

"நீங்கதானா அந்த ஏழு வகைக்காரர்?"

"நீங்கதானா அந்த நாலு?" என்றார் முத்துராமன்.

கையெடுத்துக் கும்பிடக்கூட இல்லை. செவந்தி பெண்கள் ஸீட்டுக்குப் போய்விட்டாள். நடுவில் குழந்தைசாமி உட்கார, இருவரும் அவருக்கு இருபுறமும் உட்கார்ந்துகொண்டு, அவர் தொப்பிக்கு மேலாகவே சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பஸ் கரியில் ஓடியது. மேட்டைக் கண்டால் நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். தள்ளும்போதும் சண்டை ஓயவில்லை.

"இருபத்தேழு மில்லிமீட்டர் வட்டம் ஒரு மாசத்துல இருபத்தெட்டாகுமா வாத்தியாரே? அது வேற வகை!"

"மை ஊறியிருக்கும்யா!"

"பேசாமத் தள்ளுங்க ரெண்டு பேரும்," என்றார் குழந்தைசாமி. அவர் மீசையெல்லாம் கரி.

ஊமத்தங்குடியில் தபாலாபீஸ் தனியாக இல்லை. நாகராசுவின் மளிகைக்கடையில் ஒரு மூலைதான் தபாலாபீஸ். சிவப்புப் பெட்டி ஒன்று, மேஜை ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே புளி மூட்டை. நாகராசு போலீஸ் தொப்பியைக் கண்டதும் எழுந்து, கேட்பதற்கு முன்னாலேயே கும்பிட்டான்.

"ரெண்டு டின்னுதாங்க எசமான். ரெண்டே டின்னு மண்ணெண்ணெய். வைக்கோல்போருக்கு அடியில இருக்கு. அதுக்கு மேல ஒரு சொட்டு இல்ல."

"அதை அப்பறம் பேசிக்கிறேன். தபால் முத்திரை எங்க?"

நாகராசு மேஜையைப் பார்த்தான். மைப்பெட்டி இருந்தது. முத்திரை இல்லை. அந்த நேரத்தில் கடையின் பின்கட்டில் இருந்து, டங், டங் என்று சத்தம் வந்தது.

நான்கு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நாகராசுவின் பெண்சாதி காத்தாயி, கல்லின் மேல் ஒரு கருப்பட்டியை வைத்து, மரப்பிடி போட்ட இரும்பு முத்திரையால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். கருப்பட்டி நாலாகத் தெறித்தது. பெரிய துண்டு ஒன்றில் ஊமத்தங்குடி என்று இங்கிலீஷில் அரைகுறையாகவும், அன்றைய தேதி தெளிவாகவும் பதிந்திருந்தது.

முத்துராமன் மெதுவாகக் குனிந்து அந்தத் துண்டை எடுத்து அளந்தார்.

"இருபத்தேழு," என்றார். இன்னொரு தடவை அளந்தார்.

காத்தாயி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தாள். "என்னங்க? வாங்க, உக்காருங்க. கருப்பட்டி வேணுமா?"

"ஏம்மா," என்றார் குழந்தைசாமி, "சர்க்கார் சாமானை வச்சு..."

"கடைச் சுத்தியல் காணாமப் போயி ரெண்டு வருஷமாச்சுங்க. இது கைக்கு அடக்கமா, கனமா இருக்கு. தபாலு வாரத்துக்கு ரெண்டு நாளுதான. மத்த நாளு சும்மாதான கெடக்கு?"

ஆத்மநாதன் அவள் கையில் இருந்து முத்திரையைக் குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். லென்ஸை வைத்துப் பார்த்தார். எழுத்துகளின் இடுக்கில் கருப்பட்டித் துணுக்குகள் அப்பியிருந்தன.

"புள்ளி!" என்று கத்தினார். "மூணு புள்ளியும் கருப்பட்டி! அதனாலதான் நகருது!"

"அதனாலதான் எறும்பு," என்றாள் செவந்தி.

"தாயி," என்று முத்துராமன் காத்தாயியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "இந்தா, கிழக்கால ஒரு பள்ளம் இருக்கு பாரு. இது எப்ப வந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா?"

காத்தாயி குனிந்து பார்த்தாள். "இதுவா? கொட்டைப்பாக்கு. போன தைப்பூசத்துக்கு மொதநாளு. பாக்கு ஒடையல, இதுதான் நெளிஞ்சுச்சு."

"இந்த எம்மு?"

"எம்முன்னா எனக்குத் தெரியாது. இந்தக் கோட்டுக்கால் எழுத்தா? அது சுக்கு. ஆடியில எங்க வீட்டுல எல்லாருக்கும் சளி. தெனம் சுக்குத் தட்டுனேன்."

"இந்தச் சாய்ஞ்ச ஜி?"

"அது கதவு ஆணி. ஒரே அடிதான்."

இரண்டு பேரும் இப்போது தரையில் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, ஒருவர் நோட்டில் ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். காத்தாயிக்கு ஒவ்வொரு அடியும் மாதத்தோடு, கிழமையோடு நினைவில் இருந்தது. வட்டம் ஒரு மில்லிமீட்டர் பெருத்தது மை தீர்ந்துபோய் நாகராசு விளக்குக் கரியில் எண்ணெய் குழைத்துப் போட்ட மாதம். இன்னொரு வகை, அவன் தேதியைத் தலைகீழாகப் பொருத்திய வாரம். கூட்டிப் பார்த்தால் நான்கும் இல்லை, ஏழும் இல்லை. ஒன்பது.

"நானும் தப்பு," என்றார் ஆத்மநாதன்.

"நான் கொஞ்சம் குறைச்சலாத் தப்பு," என்றார் முத்துராமன். ஆனால் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

காத்தாயி கொடுத்த கருப்பட்டிக் காப்பியை நான்கு பேரும் குடித்தார்கள். லேசாக மைவாடை அடித்தது. ஊரில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது என்றாள் அவள். அதற்குள் செய்தி தெரிந்து முனியாயி ஓடிவந்தாள். தங்கச்சியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"யாருக்கா போனது? பெரியம்மாவா?"

"அது கல்லாட்டம் இருக்குடி. நம்ம செவலைச் சேவலுடி! நரி தூக்கிட்டுப் போயிருச்சு. ஒங்க அத்தாம் பேரச் சொன்னாத் திரும்பிப் பாக்குமே, அது. ஒரு வாரமாச்சு, ஒரு வார்த்தை ஆறுதலா எழுதுனியா நீயி?"

செவந்தி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். ஆத்மநாதன் மறுபடியும் லென்ஸுக்குள் புகுந்துகொண்டார்.

குழந்தைசாமி அன்றைக்கு மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கை பிற்பாடு போலீஸ் கச்சேரியில் பலபேர் வாயில் புரண்டது. "மேற்படி கடிதங்களில் எதிரி நாட்டுத் தொடர்பு யாதொன்றும் இல்லை. சுக்கு, கொட்டைப்பாக்கு, கருப்பட்டி, கதவு ஆணி ஒன்று ஆகியவற்றின் தொடர்பு உண்டு" என்று அவர் எழுதியிருந்தார். மண்ணெண்ணெய் டின்னைப் பற்றி எழுத மறந்துபோனார். கரி பஸ்ஸைத் தள்ளிய அலுப்பாக இருக்கலாம்.

சங்கத்தின் புத்தகம் அடுத்த வருஷம் வந்தது. ஊமத்தங்குடிக்கு மட்டும் முழுசாக ஐந்து பக்கம். சங்கத்துக் காரியதரிசி கௌரவம் பார்த்து, 'தாவரப் பொருள் மோதலால் நேர்ந்த சிதைவு' என்று போட்டிருந்தார். கதவு ஆணியை எந்தத் தாவரத்தில் சேர்ப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டார். அதற்குள் தபால் இலாகாவில் இருந்து ஒரு மேலதிகாரி வந்து, பழைய முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு, பளபளவென்று புது முத்திரையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த ஐப்பசியில் ஆத்மநாதன் மனைவியின் அக்காள் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஊமத்தங்குடி பஸ் ஏறினார். ஏறினால், முன் ஸீட்டில் முத்துராமன் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இங்கிட்டு?" என்றார் ஆத்மநாதன்.

"சும்மாதான். நீங்க?"

"சும்மாதான்."

கடைக்குப் போனதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். கடைசியில் ஆத்மநாதன் சட்டைப்பையில் இருந்து நல்ல முற்றிய கொட்டைப்பாக்கு இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். முத்துராமன் ஒரு பெருமூச்சு விட்டு, தன் மடியில் இருந்து மூன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"தாயி, இதைக் கொஞ்சம் தட்டிக் குடேன்," என்றார்கள், ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

காத்தாயிக்குப் புரிந்துவிட்டது. "அதெல்லாம் இனி நடக்காதுங்க. தொட்டா ஜெயிலுன்னு எழுதி வாங்கிட்டுப் போயிருக்காக," என்றாள். தராசுத் தட்டில் இருந்த இரண்டு சேர் எடைக்கல்லை எடுத்து, ஐந்து பாக்கையும் ஐந்தே அடியில் உடைத்து, வெற்றிலையோடு நீட்டினாள்.

பஸ் திரும்பி வர மூன்று மணி நேரம் இருந்தது. இருவரும் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மென்றுகொண்டே, அடுத்ததாக, புத்தகத்தில் விட்டுப்போன திருவரங்குளம் முத்திரைகளில் எத்தனை வகை என்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் இரண்டு என்றார். மற்றவர் ஐந்துக்குக் குறைய ஒத்துக்கொள்ளவில்லை.