லேசான வேலை

கட்டுப் போட்ட கை சட்டைக்குள் நுழையவில்லை. கணவன் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான், இன்னொரு தரம் சுருட்டித் திணித்துப் பார்த்தான். மூன்றாம் தரம் அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. வாசலில் அவளுக்காகவே அனுப்பியிருந்த கம்பெனி வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"நேத்துதானே நசுங்குச்சு? இன்னைக்கே எனக்கு என்ன வேலை வேண்டிக்கிடக்கு?" என்றாள்.

"வேலையெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா வந்து உக்காந்திருந்தா போதும்னு சேஃப்டி சார் சொன்னாரு. லேசான வேலையா பாத்துக் குடுப்பாங்களாம்."

"சும்மா உக்கார்றதுக்கு வீடு பத்தாதா?"

அவன் கத்தரிக்கோலை எடுத்துக் கம்பெனிச் சட்டையின் வலது கையைத் தோள்வரை வெட்டி எறிந்தான். அவனும் அதே கம்பெனியில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறவன்தான். இன்றைக்கு இவளைக் கூட்டிப் போகாவிட்டால் நாளைக்கு அங்கே யார் முகத்திலும் விழிக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

காரணம் ஒரு பலகை. அட்டைப்பெட்டி செய்கிற அந்தக் கம்பெனிக்குள் நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு மேலே அது நிற்கும். 'விபத்தில்லாத நாட்கள்' என்று பச்சை எழுத்து, அதன் கீழே மூன்று கொக்கிகள், கொக்கிகளில் தகர எண்கள். ஐநூறு நாள் ஆனால் ஆளுக்கொரு சைக்கிள் என்று முதலாளி எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு விபத்து நடந்தாலும் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். அடிபட்டவர் மறுநாள் வேலைக்கு வராவிட்டால்தான் அது விபத்து. வந்துவிட்டால் வெறும் கீறல். இப்படி ஒரு சட்டத்தை எந்த மகராசன் கண்டுபிடித்தானோ, அவன் கைகால் நன்றாக இருக்கட்டும்!

அவள் வேலை பார்த்தது அட்டை வெட்டும் மெஷினில். அதில் இரண்டு பொத்தான்கள் உண்டு. இரண்டு கையாலும் ஒன்றாக அழுத்தினால்தான் மேலே இருக்கும் தகடு இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் இரண்டையும் அழுத்திக்கொண்டிருந்தால் மேலே கேட்கிற எண்ணிக்கையில் பெட்டி வராது. அதனால் ஒரு பொத்தானை ரப்பர் துண்டு வைத்து அமுக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் கையால் அட்டையைத் தள்ளுவது அந்தப் பிரிவின் வழக்கம். ரப்பர் துண்டைக் கொண்டுவந்து கொடுத்ததே மேற்பார்வையாளர்தான். அவள் கை உள்ளே இருக்கும்போது தகடு இறங்கியது. அன்று மாலை அவள் பெயருக்கு நேரே 'கீறல், கவனக்குறைவு' என்று எழுதினார்கள்.

பாதுகாப்பைக் கவனிக்கிற அதிகாரியைத்தான் எல்லோரும் சேஃப்டி சார் என்பார்கள். அவர் அவளுக்காக ஒரு நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் போட்டுவைத்திருந்தார்.

"தினம் காலைல இந்த எண்ணை மாத்தணும்மா. அவ்வளவுதான் வேலை. ஸ்டூல் இருக்கு, இடது கை போதும்."

கை நசுங்கிய மறுநாள், விபத்தில்லாத நானூற்று அறுபதாம் நாளை அவளே ஏறி மாட்டினாள். மாத்திரை மயக்கத்தில் ஸ்டூல் ஆடியது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

"பாத்து இறங்கு தங்கச்சி. இந்த ஸ்டூல் எனக்குப் பழக்கம். கால் விரல் ரெண்டு போன மறுநாள் நானும் இதுல ஏறி நம்பர் மாட்டினவன்தான்."

"கால்ல அடிபட்ட ஆளையா ஸ்டூல்ல ஏத்தினாங்க?"

"லேசான வேலையாச்சே!" என்று சிரித்தார். சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது.

வாரம் ஒரு தரம், மத்தியான வேளையில், கட்டு மாற்றக் கம்பெனி வேனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். கைக்குப் பயிற்சி கொடுக்கிற அறையோ காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைதான் திறந்திருக்கும். மூன்றாவது வாரம் கெஞ்சிக் கூத்தாடி இரண்டு மணி நேர அனுமதி வாங்கி அங்கே போனாள். பயிற்சி கொடுக்கிற அம்மா விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த அம்மாவின் முகம் சுருங்கியது.

"இத்தனை நாள் எங்கம்மா போயிருந்தே?"

"வேலைக்குங்க."

"இந்தக் கையை வெச்சுக்கிட்டா? இதோ பாரு, ஆறு வாரத்துக்குள்ள மடக்கிப் பழக்கலேன்னா விரல் அப்படியே இறுகிப்போயிடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஒண்ணும் நடக்காது. தினம் வரணும். விரலை மடக்குறதுதான் இப்போ உனக்கு வேலை, மத்ததெல்லாம் அப்புறம்." ஒரு ரப்பர் பந்தையும் கொடுத்து, எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லி அனுப்பினாள்.

தினம் இரண்டு மணி நேரம் விடச் சொல்லி மறுநாளே சேஃப்டி சாரிடம் கேட்டாள்.

"நேத்து உன்னை எப்படி அனுப்பினேன்? கேட் நோட்டுல சொந்த வேலைன்னு எழுதி அனுப்பினேன். தினம் சொந்த வேலைன்னு எழுத முடியுமா? மேலேர்ந்து கேள்வி வரும்மா. ஐநூறு ஆகட்டும், நானே வண்டி வெச்சு அனுப்பறேன்." பிறகு அவள் மடியைப் பார்த்தார். "அந்தப் பந்தையும் உள்ள வை. வெளி ஆளுங்க வந்து போற இடம்."

பிரிவுப் பெண்கள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "நடந்து நடந்து கால் ஓஞ்சுபோச்சுக்கா. இன்னும் கொஞ்ச நாள்தானே, எங்களுக்காகப் பொறுத்துக்கோ." விடிவதற்கு முன்பே சமைத்துவைத்துவிட்டு ஒரு மணி நேரம் நடந்து வருகிறவர்கள். அவர்களிடம் அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நானூற்றுத் தொண்ணூற்றொன்பதாம் எண்ணை மாட்டிவிட்டு வந்த அன்று மாலை, வீட்டில் தண்ணீர் டம்ளரை வலது கையால் எடுத்துப் பார்த்தாள். டம்ளர் விழுந்து உருண்டது. கணவன் அதை எடுத்து வைத்துவிட்டு, அவள் விரல்களைத் தன் கைக்குள் வைத்து மெல்ல மடக்கினான். மடங்கவில்லை.

"வலிக்குதா?"

"வலிச்சா பரவாயில்லைங்க. வலிக்கவே மாட்டேங்குது."

அவன் கையை விட்டான். "நாளைக்கு விழா முடியட்டும். நாளன்னைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

"நாளன்னைக்கோட ஆறு வாரம் முடியுது. அன்னைக்குச் சட்டைக் கையை வெட்டும்போதும் இப்படித்தான் நல்லா பேசினீங்க."

அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மறுநாள் பலகையை நீலத் துணியால் மூடியிருந்தார்கள். முதலாளி கயிற்றை இழுத்ததும் துணி விழ வேண்டும், ஐநூறு தெரிய வேண்டும். ஓரமாக வரிசையில் நின்ற புது சைக்கிள்களின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. எண்ணை மாட்டுவது இன்றும் அவள் வேலைதான். ஸ்டூலில் ஏறித் துணிக்குள் கையை விட்டு மாட்டிவிட்டு இறங்கினாள். சேஃப்டி சார் ஒலிபெருக்கியைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தார்.

பத்து மணிக்கு முதலாளி கயிற்றை இழுத்தார். கை தட்டியவர்கள் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

முதல் கொக்கி காலியாக இருந்தது. அடுத்ததில் நான்கு, அதற்கடுத்ததில் ஒன்று.

"என்னம்மா இது?" என்றார் சேஃப்டி சார்.

"நாள் கணக்குதான் சார். என் கை நசுங்கினதுலேர்ந்து நாப்பத்தொண்ணு."

முதலாளி யாரையும் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சேஃப்டி சார் அவள் கணவனின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "உன் பொண்டாட்டிக்கு மூளை கலங்கிடுச்சா? ஏறி மாத்துய்யா."

அவன் பெட்டியிலிருந்து ஐந்தாம் எண் தகட்டை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினான். பிரிவுப் பெண்கள் சைக்கிள்களைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள். அவன் மேலேயிருந்து குனிந்து மனைவியைப் பார்த்தான். தான் வெட்டிய சட்டையின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, அவள் வெறும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கொக்கிவரை போன கை கீழே இறங்கியது. அவனும் இறங்கித் தகட்டைப் பெட்டியில் போட்டான்.

"கணக்கு சரியாத்தான் சார் இருக்கு" என்றான்.

அவள் அங்கே நிற்கவில்லை. வேகமாக நடந்து கேட்டுக்கு வந்தாள். வாட்ச்மேன் நோட்டைத் திறந்து மணியைக் குறித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே தங்கச்சி? காரணம் என்ன போட, போன தடவை மாதிரி சொந்த வேலைன்னு எழுதவா?"

"காயம்னு எழுதுங்கண்ணே."

பேனா நின்றது. எத்தனையோ வருஷமாக அந்தக் கட்டத்தில் அவர் காய்ச்சல் எழுதியிருக்கிறார், கல்யாணம் எழுதியிருக்கிறார், சாவுகூட எழுதியிருக்கிறார். இந்தச் சொல்லை எழுதியதில்லை. பின்னால் சேஃப்டி சார் யாரையோ கத்திக் கூப்பிடுவது கேட்டது. வாட்ச்மேன் தன் இடது பூட்ஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, கட்டம் நிறையும்படி பெரிதாக எழுதினார்.

"திரும்பி வர்ற நேரம்?"

அவள் தன் வலது கையைப் பார்த்தாள். விரல்கள் நீட்டினது நீட்டினபடியே இருந்தன.

"கை வந்தா வர்றேன்னு போடுங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.