மூன்று டன் கல்

தலைமைப் பொறியாளர் பிளாங்க்சனுக்குக் கடல் என்றால் வரைபடத்தில் நீலம் பூசிய இடம். கானாவின் அந்த மீனவ ஊரில் அலைதடுப்புச் சுவர் கட்ட வந்து இரண்டு வருஷமாயிற்று. முழங்கால் நனைய ஒருநாள்கூட இறங்கியதில்லை.

கல்லைச் சோதித்து வாங்குவது அவருக்குக் கீழிருந்த பொறியாளர் அராபாவின் வேலை. சுவரின் கடல் பக்கத்துக்கு ஒவ்வொரு கல்லும் ஆறு டன் இருக்க வேண்டும். குவாரியிலிருந்து வந்தவை மூன்றைத் தாண்டவில்லை. அவள் கையெழுத்துப் போட மறுத்தாள்.

"ரெண்டு ரெண்டா வெச்சா ஆறு டன் ஆயிடுச்சு. இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு முறுக்கு?" என்றார் பிளாங்க்சன்.

"ரெண்டு பூனையைச் சேர்த்துக் கட்டினா நாய் மாதிரி குரைக்குமா சார்? அலை ஒவ்வொரு கல்லாத்தான் புரட்டும்."

"இந்தக் கடல் சாது. நீ புத்தகத்தைப் பாத்துப் பயப்படுற."

அவரே கையெழுத்திட்டார்.

ஆகஸ்டில் திறப்பு விழா. சுவரின் மேலேயே பந்தல், நாற்காலி, பேண்டு வாத்தியம். காற்றே இல்லை; ஆனால் எங்கோ தெற்கே அடித்த புயலின் அலைகள் நீளநீளமாக வந்துகொண்டிருந்தன. படகுக்காரர்களின் தலைவர் நானா ஒட்சிர் மணலிலேயே நின்றார்.

"மேல வாங்க நானா, உங்களுக்கு முதல் வரிசை!" என்று கூப்பிட்டார் பிளாங்க்சன்.

"நாற்காலி உன்னோடதுப்பா. உயிர் என்னோடது."

பிளாங்க்சன் பேசிக்கொண்டிருக்கையில் அராபாவின் காலடியில் கல்லோடு கல் இடிக்கும் சத்தம் கேட்டது. அடிவரிசை நகர்கிறது! மைக்கின் வயரைப் பிடுங்கி எறிந்தாள்.

"எல்லாரும் கீழ இறங்குங்க! ஓடுங்க!"

டிரம்மைப் போட்டுவிட்டு பேண்டுக்காரர்களே முதலில் ஓடினார்கள். "ஒரு அலைக்கா இந்தக் கூத்து? உக்காருங்க!" என்று கத்திய பிளாங்க்சன், கடல் பக்கம் முழுவதும் சரிந்து பந்தல் சாய்ந்தபோது நாலு காலில் தவழ்ந்து கரை சேர்ந்தார். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

'நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அலை' என்று அறிக்கை எழுதினார். அலை உயரத்தை அளக்கும் அலைமானியின் பதிவை அராபா அதோடு இணைத்தாள். சுவர் தாங்க வேண்டிய உயரம் இரண்டரை மீட்டர். வந்த அலை இரண்டேகால்.

விசாரணையில் நானா ஒட்சிர் சிரித்தேவிட்டார். "நூறு வருஷமா? என் பேத்திக்கு ஏழு வயசு. இதைவிடப் பெரிசா அவளே அஞ்சாறு பாத்திருக்கா!"

பிளாங்க்சனை அனுப்பிவிட்டார்கள். சுவர் அராபாவின் பொறுப்புக்கு வந்தது. முதல் நாள் வந்த லாரிகளில் பதினோரு கற்களை எடைபோட்டு, ஒன்பதைத் திருப்பி அனுப்பினாள்.