பத்தாயிரத்து ஏழாவது ஆள்

அந்த மில் ஊரில் ஒரு கூட்டத்தைக் கலைக்க வேண்டுமென்றால் மீதியில்லாமல் வகுத்துத்தான் கலைக்க வேண்டும். லத்திக்கு அங்கே வேலை கிடையாது. வகுத்தல் தாசில்தார் வருவார், எண்ணுவார், சுண்ணாம்புக் கோடு போடுவார். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பவரை இந்தப் பக்கத்தாருக்கு அடையாளம் தெரியாமல் போய்விடும். என்ன கேட்டு வந்தோம் என்பதும் மறந்து அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

போன வருஷம் பூட்டிய மில்லைத் திறக்கச் சொல்லிப் பத்தாயிரத்து ஒருவர் திரண்டார்கள். மூன்றால் போகாது, ஏழால் போகாது, பதினொன்றால் போகாது என்று சங்கத்துத் துண்டுப் பிரசுரம் அடித்துச் சொன்னது. தாசில்தார் கொஞ்சம் யோசித்து எழுபத்து மூன்றால் வகுத்தார். வரிசைக்கு நூற்று முப்பத்தேழு பேர். மில் பூட்டியபடியே கிடந்தது.

இந்த முறை மாலைச் சங்கு ஊதும்வரை கலையாமல் நின்றால் கதவைத் திறந்தாக வேண்டும்.

மேடையில் தோழர் செங்கோடன் நின்றார். நாற்பது வருஷமாக அவருடைய இடம் அது. கீழே நின்று அவருக்குக் கை தட்டியவர்கள் சட்டசபைவரை போய்விட்டார்கள். அவருக்கு மிஞ்சியது அந்தப் பலகைதான்.

தாசில்தார் எண்ணி முடித்தார். பத்தாயிரத்து ஆறு. சரிபாதியாகக் கோடு போடச் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினார்.

சாலையை மதியமே அடைத்துவிட்டார்கள். புதிதாக ஒருவரும் வர முடியாது. ஒருவரை வெளியே அனுப்பினால் ஐந்தால் போய்விடும். மேடையில் நிற்பவரை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. அது சங்கம் போராடிப் பெற்ற மரியாதை. அந்தப் போராட்டத்தை நடத்தியதும் செங்கோடன்தான்.

நூல் சுற்றும் கோன் வைண்டிங் பகுதி மாராத்தாள் அண்ணாந்து பார்த்தாள். "ஏனுங்க தோழரே, அங்கயே நின்னுக்கறதா உத்தேசமா?"

"நான் தலைவன், அம்மிணி."

"அது சரிங்க. எறங்குனா எத்தனை பேருங்கறேன்?"

எத்தனை என்று அவருக்குத் தெரியும். இறங்கினால் தான் எத்தனையாவது ஆள் என்பதும் தெரியும்.

"வாங்க. ஒரு ஆள் நிக்க எடம் இருக்குது. கால மிதிச்சறாதீங்க."

செங்கோடன் மைக்கை அணைத்துவிட்டு இறங்கினார். இரண்டு பக்கமும் தோள்கள் வந்து அவரை இறுக்கின. நாற்பது வருஷமாகக் கனத்த முழங்கால்களை யாரோ வாங்கிக்கொண்டதுபோல இருந்தது.

தாசில்தார் மறுபடி எண்ணினார். ஒவ்வொரு எண்ணாக நூறுவரை வகுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் யாராவது மீந்து நின்று அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். நூற்றுக்கு மேல் தேடுவது வீண் என்று அவருக்குத் தெரியும்.

"பகா எண்," என்று சொல்லி வாளியைக் கீழே வைத்தார். "பிரிக்க முடியாததை ஒரே ஆள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்."

சங்கு ஊதியது. கதவு திறந்தது. அந்த ஒரே ஆளுக்கு வாட்ச்மேன் ஒரு நாற்காலி போட்டார். பத்தாயிரத்து ஏழு பேரும் அதில் உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு டீ வந்தது, எல்லோரும் குடித்தார்கள். சர்க்கரை கொஞ்சம் தூக்கல் என்றாள் மாராத்தாள். செங்கோடனுக்குச் சரியாக இருந்தது.