நிலவுக்குக் காப்பி இல்லை

கரமனையில் நீலகண்டய்யர் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் நாலு மணிக்குக் கவிதை படிப்போம். பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஒருவர் படித்து முடித்ததும் அடுக்களைக் கதவிடுக்கு வழியாக அவருக்கு ஒரு டம்ளர் காப்பி வரும். பிடித்திருந்தால்தான் வரும். அய்யரின் மனைவி நீலாம்பாளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள். கூடத்தில் நாங்கள் எவ்வளவு தலையாட்டினாலும் தீர்ப்பு அங்கிருந்துதான்.

ஐந்து வாரமாக எனக்குக் காப்பி வரவில்லை.

காப்பிக்கா பஞ்சம்? தம்பானூரில் என் லாட்ஜுக்குக் கீழேயே ஓட்டல் இருக்கிறது. ஆனால் ஐம்பத்து மூன்றாம் வருஷம் திருநெல்வேலியிலிருந்து பாங்கு குமாஸ்தாவாக இங்கே வந்த எனக்கு, பேச ஆளில்லை. பாங்கில் எல்லோரும் மலையாளத்தில் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு விளங்கும். தனியாகச் சிரித்தால் பைத்தியம் என்பார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன். வாரத்தில் என் வாய் திறப்பது அந்தக் கூடத்தில் மட்டும். அதிலும் ஒரு டம்ளர் காப்பி தர மாட்டோம் என்றால் மனுஷனுக்கு வலிக்காதா?

ஆறாவது ஞாயிறு ஒரு முடிவோடு போனேன். சட்டைப் பையில் இரண்டு தாள்கள். ஒன்று, நிலவைப் பற்றி நாற்பது வரி. மற்றது, திருநெல்வேலிக்கே மாற்றல் கேட்டு எழுதி, மானேஜர் கையெழுத்தும் வாங்கிய விண்ணப்பம். காப்பி வராவிட்டால் திங்கட்கிழமை அது தபாலில் போகும்.

எனக்கு முன்னால் புண்ணாக்கு வியாபாரி திரவியம் தன் மாமியாரைப் பற்றி ஏழு வரி படித்தார். ஏழாவது வரி முடியுமுன் காப்பி வந்துவிட்டது, நுரையோடு. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஆற்றி ஆற்றிக் குடித்தார்.

நான் எழுந்தேன். வெண்ணிலவே, விண்மகளே என்று இருபது வரி தாண்டியும் உள்ளே ஒரு பாத்திரம் அசையவில்லை. இருபத்தோராவது வரியில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாளை மடித்தேன். கூடத்துக்கு முதுகைக் காட்டி, அடுக்களைக் கதவைப் பார்த்து, வாயில் வந்ததைச் சொன்னேன்:

“அறையெண் ஒன்பதில் ஆளோ ஒருவன்,
குறையைக் கேட்கக் கொசுவலை உண்டு,
நிறையப் பேச நிலைக்கண் ணாடி,
பிறகென் செய்வேன், காப்பியும் இல்லையேல்?”

எனக்கே திக்கென்றது. அடுத்தவர் வீட்டு அடுக்களையோடு சண்டை போட்டிருக்கிறேன். நீலகண்டய்யர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். பிறகு அடுக்களை முழுவதும் சிரித்தது, ஒரு கரண்டி கீழே விழுந்தது. கதவு திறந்தது. அந்தக் கூடத்துக்குள் ஒருநாளும் கவிதை நேரத்தில் வந்திராத நீலாம்பாள் டம்ளரும் கையுமாக வந்து என் முன்னால் நின்றாள். நின்றவள் சொன்னாள்:

“மறைந்தே நாங்கள் கேட்டது போதும்,
நிறைந்தது டம்ளர், நிலாமட்டும் வேண்டாம்.”

கூடம் கிடுகிடுத்தது. திரவியம் தொடையில் அடித்துக்கொண்டு, “எதுகையப் பாத்தேரா வே, எதுகைய” என்றார். நீலகண்டய்யர், “ஏண்டி, நீ கவி கட்டுவேன்னு எங்கிட்டச் சொல்லவேயில்லையே” என்றார்.

“நீங்க கேக்கவேயில்லையே” என்றாள் நீலாம்பாள்.

பின்னாலேயே பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மாளும் மற்றப் பெண்களும் வந்து கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். சரஸ்வதியம்மாள் தன் வீட்டுப் பூனையைப் பற்றி நாலு வரி சொன்னாள். திரவியத்தின் மாமியார் தோற்றுப்போனாள். நான் சிரித்தேன், எல்லோரும் சிரித்த அதே நேரத்தில். கண்ணில் தண்ணீர் வந்தது. காப்பிச் சூடு என்று சொல்லிக்கொண்டேன். பொய்.

எல்லோருக்கும் இன்னொரு நடை காப்பி என்று தீர்மானமாயிற்று. ஆனால் குமுட்டி அடுப்பு அணைந்திருந்தது. நீலாம்பாள் என்னிடம் கையை நீட்டினாள்.

“அந்த நிலாவக் குடுங்கோ, பத்த வைக்க.”

கொடுத்தேன்.

“ஒரு காயிதம் போறாதே, கரி நமுத்திருக்கு.”

“இன்னொண்ணு இருக்கும்மா” என்று சட்டைப் பையிலிருந்து மற்றதையும் எடுத்துக் கொடுத்தேன். மானேஜர் கையெழுத்தோடு அது நன்றாகவே பற்றிக்கொண்டது. முதல் டம்ளர் எனக்குத்தான் வந்தது.